தொண்ணூறு விநாடி

விவாதத்தில் தோற்ற பிறகுதான் அக்காவைப் பார்க்க வேண்டும். ஜெயித்த நாட்களில் அவரிடம் விசேஷமாக ஒன்றும் இருக்காது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார். தோற்றால்தான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "சரி, தோத்தாச்சு. எழுதுங்க" என்பார். எது வேண்டாம் என்று ஒன்றரை மணி நேரம் மன்றாடினாரோ, அதையே ஓட்டை உடைசல் இல்லாமல் வரி வரியாக எழுத வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் கொல்கத்தாவிலிருந்து போன் வரும். இதில் எங்கெங்கே தப்பு என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டே வருவார். முடிந்துவிட்டது என்று நாம் மூச்சு விடும்போது, "இன்னொண்ணு இருக்கு" என்பார். அவருக்கு எப்போதும் இன்னொன்று இருக்கும்.

கொல்கத்தா லேக் மார்க்கெட்டில் முறுக்கு, தட்டை, சீடை விற்கிற ஒரு சின்னக் கடை அவருடையது. மதுரையிலிருந்து கல்யாணமாகி வந்தவர். கணவரும் அவருமாகக் கடையைப் பார்த்துக்கொண்டார்கள். கணவரை நாங்கள் எல்லோரும் அண்ணன் என்போம். பலகாரம் போடுவது டாக்குரியாவில் அவர்கள் வீட்டில், மூன்றாவது மாடியில். மாவு மூட்டையும் எண்ணெய் டின்னும் அங்கேதான் ஏற வேண்டும்.

அந்தக் கட்டடத்தின் லிஃப்ட் அடிக்கடி நின்றுபோகும். சாமான் ஏற்றுவதால்தான் நிற்கிறது என்று குடியிருப்போர் சங்கத் தலைவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். இனி லிஃப்ட்டில் மனிதர்கள் மட்டும்தான், சாமான்கள் படி வழியாக. யாரை நினைத்து அந்தத் தீர்மானம் வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். அக்கா எழுந்து நின்று தமிழ் கலந்த வங்காளத்தில் வாதாடினார். அங்கே ஆண்களைத் தாதா என்றுதான் கூப்பிடுவார்கள், அண்ணன் என்று அர்த்தம். என் மூட்டை இருபத்தைந்து கிலோ, முதல் மாடி தாதா தொண்ணூறு கிலோ, லிஃப்ட்டுக்கு எது சாமான் என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், அந்தத் தாதாவும் சிரித்தார். கடைசியில் கை தூக்கச் சொன்னபோது அக்கா பக்கம் இரண்டு வீடுதான்.

மறுநாளிலிருந்து மாவு மூட்டையைக் கீழேயே பிரித்து, ஐந்து ஐந்து கிலோவாகப் பையில் கட்டிப் படியேறினார்கள், கணவனும் மனைவியும். இது ஒரு மாதம் நடந்தது. அப்புறம் தலைவர் வீட்டுக்குப் புது ஃபிரிட்ஜ் வந்தது. கொண்டுவந்த ஆட்கள் அதை லிஃப்ட்டுக்குள் நுழைக்கப் பார்த்தார்கள். அக்கா லிஃப்ட் வாசலில் போய் நின்றுகொண்டார்.

"ஷிரி தியே, தாதா" என்றார். படி வழியாக.

தலைவர் நான்காவது மாடியிலிருந்து இறங்கி வந்தார். ஒரு தடவைதானே என்றார், வெயிட் அதிகமில்லை என்றார், தீர்மானத்தின் நோக்கம் வேறு என்றார். அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "நோக்கத்தை எழுதலையே தாதா. சாமான்னுதான் எழுதியிருக்கு." ஃபிரிட்ஜ் படி வழியாகத்தான் போனது. இந்தக் கதையை எனக்குச் சொன்ன அண்ணன், இதோடு நிறுத்தவில்லை. அந்த ஆட்கள் இரண்டாவது மாடியில் மூச்சு வாங்கி நின்றபோது, ஃபிரிட்ஜுக்குள் இருந்த கண்ணாடித் தட்டுகளையும் காய்கறிப் பெட்டியையும் வெளியே எடுத்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அக்காதான் நான்காவது மாடி வரை தூக்கிப் போனாராம். "இவ பழிவாங்குறான்னுதான் அவங்க நெனைச்சாங்க. தட்டைத் தூக்கிட்டு வந்து நின்னதும் டீ போட்டுக் குடுத்தாங்க" என்றார் அண்ணன்.

எனக்கு அக்கா பழக்கமானது கிரிக்கெட்டில். குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் டாக்குரியா ஏரிக்கு அருகே ஒரு மைதானத்தில் எட்டு அணிகள் ஆடுகிற லீக் ஒன்று நடந்தது. பாதிப் பேர் தமிழர்கள், பாதிப் பேர் பக்கத்துப் பேட்டைகளின் வங்காளிகள். வங்கி, இன்ஷூரன்ஸ், கடை, டியூஷன் என்று பிழைப்பவர்கள். நாற்பதைத் தாண்டியவர்கள்தான் அதிகம். நான் அப்போது ஓர் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு, லீக்குக்குச் செயலாளராகவும் இருந்தேன். ஆடத் தெரியாதவனுக்கு அந்தப் பதவி கொடுப்பது வழக்கம்.

அண்ணன் எங்கள் அணியில் ஆடினார். அக்கா ஸ்கோர் எழுத வருவார். ஒருநாள் அம்பயர் ஒருவருக்குக் காய்ச்சல். இன்னொரு அம்பயரான கோஷ் பாபு, இப்போது என்ன செய்வது என்று என்னைப் பார்த்தார். "நான் நிக்கிறேன்" என்றார் அக்கா. மதுரையில் கல்லூரி அணிக்கு விக்கெட் கீப்பராக ஆடியவர் என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். கரியாஹாட்டில் வாங்கிய அகலத் தொப்பி, சல்வாருக்கு மேல் அண்ணனின் வெள்ளைச் சட்டை, பந்துகளை எண்ண சட்டைப் பையில் ஆறு கொட்டைப்பாக்கு. அதற்குப் பிறகு அவர்தான் நிரந்தர அம்பயர். எல்லோருக்கும் 'திதி', வங்காளத்தில் அக்கா.

அம்பயராக அவரிடம் ஒரு கஷ்டம் இருந்தது. யார் வந்து வாதாடினாலும் முழுதாகக் கேட்பார். பந்து மட்டையில் பட்டது, படவில்லை, சத்தம் என் செருப்புச் சத்தம் என்று ஒருவன் நான்கு நிமிஷம் பேசினாலும் தலையை ஒருபக்கமாகச் சாய்த்துக்கொண்டு நிற்பார். அவன் முடித்த பிறகு, "கேட்டாச்சு. அவுட்" என்பார். முடிவு மாறி நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் எல்லோரும் போய்ப் பேசினார்கள். வீட்டிலும் ஆபீஸிலும் தங்களை இவ்வளவு நேரம் கவனித்துக் கேட்பவர் யாரும் இல்லாததால் இருக்கலாம்.

ஆட்டம் நீண்டுகொண்டே போனது. பனி விலகி ஒன்பது மணிக்குத் தொடங்கினால் பன்னிரண்டரைக்கு முடிய வேண்டியது, இரண்டு மணி வரை இழுத்தது. ஒரு மணிக்கு அந்த மைதானம் கால்பந்து பழகும் குழந்தைகளுக்கு. நாற்பது குழந்தைகள் ஜெர்சி போட்டுக்கொண்டு கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். அவர்களுடைய பயிற்சியாளர், "தாராதாரி, தாதா, தாராதாரி!" என்று கத்துவார். சீக்கிரம், சீக்கிரம் என்று அர்த்தம். எங்கள் கோஷ் பாபு கை ஆட்டிவிட்டு ஒரு டீ குடிப்பார். கடைசியில், மைதானத்தை வைத்திருந்த கிளப்பிலிருந்து என்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். அடுத்த குளிர்காலமும் ஒரு மணியைத் தாண்டினால் அதற்கடுத்த வருஷம் மைதானம் கிடையாது.

நான் மூன்று விதிகள் எழுதினேன். ஒன்று, விக்கெட் விழுந்து தொண்ணூறு விநாடிக்குள் அடுத்த ஆட்டக்காரர் பந்தைச் சந்திக்கத் தயாராக நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அவுட். இரண்டு, ஓவருக்கும் ஓவருக்கும் நடுவில் ஒரு நிமிஷம்தான், மீறினால் எதிரணிக்கு ஐந்து ரன். மூன்று, அம்பயரிடம் யாரும் வாதாடக் கூடாது.

லேக் மார்க்கெட்டில் ஒரு டிபன் கடையின் மாடியில் கூட்டம். எட்டுக் கேப்டன்களுக்கும் ஓட்டு உண்டு. அம்பயர்களும் நானும் பேசலாம், ஓட்டுக் கிடையாது. நான் தயாராகப் போயிருந்தேன். அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஓர் ஆட்டம், அதுவும் இப்படித்தான் இழுத்துக்கொண்டே போனது, பந்து எறிகிறவருக்குக் கடிகாரம் வைக்கலாம் என்றார்கள், ஆட்டமே செத்துப்போகும் என்று பெரிய சண்டை நடந்தது, வைத்தார்கள், ஆட்டம் சுருங்கியது, ஜனங்களுக்கும் பிடித்துப்போனது என்று போனைப் பார்த்துப் படித்தேன்.

அக்கா கேட்டார்: "அந்த ஆட்டத்துல காலுக்குப் பேடு கட்டணுமா தம்பி?"

"அடிக்கிறவங்க கட்ட வேண்டியதில்லக்கா."

"அப்ப?"

நான் போனைக் கீழே வைத்தேன். எங்கள் அணிகள் ஒவ்வொன்றிடமும் நல்ல பேடு இரண்டு ஜோடிதான் இருந்தது. அவுட்டானவன் வந்து கழற்றிக் கொடுத்தால்தான் அடுத்தவன் கட்ட முடியும். இதை நான் மறைக்கவில்லை, யோசிக்கவில்லை அவ்வளவுதான்.

"அவுட்டானவன் கோவத்துல மெதுவா நடந்து வருவான். இவன் கையை நீட்டிக்கிட்டு நிப்பான். யாரோட நேரம் அது? அதுக்கு இவன் அவுட்டா? கடிகாரத்துக்கு முன்னாடி பேடு வாங்குங்க. இன்னொண்ணு இருக்கு. நம்ம ஆளுங்க பாதிப் பேருக்கு முட்டி வலி. ஓடி வர்றவனுக்கும் நொண்டி வர்றவனுக்கும் ஒரே தொண்ணூறா? இன்னொண்ணு. வாதாடக் கூடாதுங்கறீங்க. ஞாயித்துக்கிழமை காலம்பற அவன் எதுக்கு வர்றான்? நாலு வார்த்தை பேசத்தானே வர்றான்?"

அன்று முடியவில்லை. அடுத்த வாரமும் கூடினோம். அதற்குள் அக்கா கடையில் உட்கார்ந்து பேஸ்பால் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்திருந்தார். சீடை வாங்க வந்தவர்களிடம்கூட அதைப் பற்றிப் பேசியதாக அண்ணன் சொன்னார்.

"அங்க நேரா பெரிய லீக்குல கொண்டுவரலை தம்பி. சின்ன லீக்குல போட்டுப் பார்த்துட்டுத்தான் பெரிய லீக்குக்கு வந்திருக்கு. நாம எங்க போட்டுப் பார்த்தோம்?"

"நம்மைவிடச் சின்ன லீக்குக்கு எங்கே போவது, திதி?" என்றார் கோஷ் பாபு. சிரிப்பு அடங்க நேரம் பிடித்தது. அக்காவும் சிரித்தார்.

நான் எழுந்து கடைசியாக ஒன்றுதான் சொன்னேன். "அக்கா, கோட்டுக்கு வெளியே நாப்பது பிள்ளைங்க உக்காந்திருக்கு. அதுங்க ஒரு மணிக்கு ஆடணும். நமக்குக் கிரவுண்டு போறது அப்புறம்."

அக்கா தலையாட்டினார். "அது நியாயம்" என்றார். "ஆனாலும் இந்த ரூல் தப்பு."

ஓட்டு ஐந்துக்கு மூன்று. என் விதிகள் ஜெயித்தன.

நாற்காலி முன்னால் வந்தது. "சரி, தோத்தாச்சு. எழுதுங்க. தொண்ணூறு எப்போ ஆரம்பிக்கும்? விக்கெட் விழுந்ததும்னா, கேட்ச் பிடிச்சதுமா, நான் விரலைத் தூக்கினதுமா? விரல்னு எழுதுங்க. தயார்னா என்ன? கிரீஸுக்குள்ள கால் வெச்சிருக்கணும்னு எழுதுங்க. எதிரணி அப்பீல் பண்ணினாத்தான் அவுட்டுன்னு வெக்காதீங்க. வெச்சா அவன் பெரிய மனுஷனா, இவன் சின்ன மனுஷனான்னு பேச்சு வரும். நேரம் ஆனா அம்பயரே குடுக்கணும்."

நான் எழுதினேன். நான் கொண்டுவந்த விதியைவிட அது பல மடங்கு இறுக்கமாகிவிட்டது. இரண்டு கேப்டன்கள் ஓட்டுப் போட்டதற்காகக் கவலைப்படத் தொடங்கிவிட்டார்கள் என்று அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. பேடு வாங்குவதை மட்டும் நான் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன்.

அந்தக் குளிர்காலம் அக்காவின் கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்கியது. யாராவது பேச வந்தால் உள்ளங்கையைக் காட்டுவார். அவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். காது கேட்கத் தயாராகச் சாயும், கை தடுக்கும். ஆட்டங்கள் பன்னிரண்டரைக்கு முடிந்தன. ஒருநாள் கால்பந்துப் பயிற்சியாளர் ஒரு கூடை கமலா ஆரஞ்சு கொண்டுவந்து எங்களுக்குக் கொடுத்தார். வெயிலில் புல்லில் உட்கார்ந்து உரித்துத் தின்றோம். குழந்தைகள் ஆடத் தொடங்கியிருந்தார்கள். பார்க்க நன்றாக இருந்தது.

அண்ணன் அந்த சீசன் முழுக்க ஆடவில்லை. முழங்காலில் ஆபரேஷன் செய்திருந்தார். பிசியோதெரபிக்குப் போய்வந்து, இறுதி ஆட்டத்துக்குத்தான் தயாரானார். எங்கள் அணிதான் இறுதியில். மட்டை பிடிக்கும் வரிசையில் பத்தாவது அவர், கடைசி ஆளாக நான்.

கடைசி இரண்டு ஓவரில் பதினோரு ரன் வேண்டும். எங்கள் ஆள் ஒருவன் ரன் அவுட் ஆனான். எட்டு விக்கெட். அக்காவின் விரல் மேலே போனது, இன்னொரு கையால் ஸ்டாப்வாட்ச்சை அழுத்தினார். அவுட்டானவன் மட்டையைத் தரையில் தட்டிக்கொண்டு, திரும்பித் திரும்பி எதிர்முனைக்காரனை முறைத்துக்கொண்டு, மெதுவாக நடந்து வந்தான். அண்ணன் கோட்டருகே கையை நீட்டிக்கொண்டு நின்றார். அக்கா கூட்டத்தில் சொன்னது அப்படியே என் கண் முன்னால் நடந்தது. பேடைப் பிடுங்காத குறையாக வாங்கி நானும் இன்னொருவனுமாக அண்ணன் காலில் கட்டினோம். முழங்காலில் கட்டியிருந்த பட்டையின் மேல் வார் ஏறவில்லை. மறுபடி கட்டினோம். அவர் ஓடினார். ஓட்டம் என்று சொல்ல முடியாது, ஒரு கால் ஓடியது, மற்றது கூட வந்தது.

கிரீஸுக்கு ஐந்து எட்டுத் தூரம் இருக்கும்போது அக்கா ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். விரலைத் தூக்கினார்.

எதிரணிக் கேப்டன், இருபத்தெட்டு வயசுப் பையன், ஓடி வந்தான். "விட்டுடுங்க திதி, ஆடட்டும், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை" என்று வங்காளத்தில் கெஞ்சினான். அக்கா உள்ளங்கையைக் காட்டினார்.

அண்ணன் நின்ற இடத்திலேயே நின்று கேட்டார்: "எத்தனை?"

"தொண்ணூத்தி மூணு."

"சரி" என்று அண்ணன் திரும்பினார்.

எனக்குத்தான் தாங்கவில்லை. மட்டையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குள் ஓடினேன். "என்னக்கா இது! இந்த ரூலே வேணாம்னு நீங்கதானே சொன்னீங்க? முட்டி வலிக்காரன் என்ன பண்ணுவான்னு நீங்கதானே கேட்டீங்க?"

"அது மீட்டிங். இது கிரவுண்டு."

"அதுக்காக அண்ணனையா..."

"மூணாவது ரூல், தம்பி. அம்பயர்கிட்ட வாதாடக் கூடாது." ஸ்டாப்வாட்ச்சை எனக்குத் தெரியும்படி திருப்பிக் காட்டினார். "இன்னொண்ணு இருக்கு. அடுத்து நீங்கதான். இருபது செகண்டு போயிடுச்சு."

நான் திரும்பி ஓடினேன். அண்ணன் நடந்து வந்துகொண்டே குனிந்து ஒரு பேடைக் கழற்றியிருந்தார். அதை மட்டும் இடது காலில் கட்டிக்கொண்டு, வலது கால் வெறுமனே, எண்பத்தாறாவது விநாடியில் கிரீஸுக்குள் விழுந்தேன். ஜனங்கள் கைதட்டினார்கள். மூன்று பந்து தாக்குப்பிடித்தேன். நான்காவது பந்தில் ஸ்டம்பு பறந்தது. பத்து ரன்னில் தோற்றோம். மணி பன்னிரண்டு இருபது.

அன்று சாயங்காலம் ஒரு பெட்டி சந்தேஷ் இனிப்பு வாங்கிக்கொண்டு டாக்குரியாவுக்குப் போனேன். அண்ணனைச் சமாதானப்படுத்த வேண்டும், முடிந்தால் அக்காவிடம் நான் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். உள்ளே அக்காவின் குரல் படி வரை கேட்டது. சண்டை போலிருக்கிறது, திரும்பிவிடலாமா என்று யோசித்தேன். அதற்குள் அண்ணன் பார்த்துவிட்டார்.

அண்ணன் காலை ஸ்டூலில் நீட்டியிருந்தார். அக்கா தரையில் உட்கார்ந்து முழங்காலுக்கு வெந்நீர்ப் பை வைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி, நீங்களே சொல்லுங்க. என்ன ரூல் இது? ஆபரேஷன் பண்ணின காலு. இவரை ஓட விட்டா வீங்கத்தானே செய்யும்? ஒரு மனுஷன் வருஷம் முழுக்கக் காத்திருந்து ஆட வர்றான். பேடை வாங்கிக் கட்டறதுக்குள்ள அவுட்டாம். இதுக்குப் பேரு ஆட்டமா?"

"அக்கா, அவுட் குடுத்தது நீங்க" என்றேன்.

"ஆமா. அவுட்தான்."

அண்ணன் சத்தம் போட்டுச் சிரித்தார். "மத்தியானத்துலேருந்து இதுதான் நடக்குது தம்பி. அவுட்டும் அவதான் குடுத்தா, எனக்காக வக்கீலும் அவதான். நான் சொல்றேன், மூணு செகண்டு லேட்டுன்னா லேட்டுதான்னு. ஒத்துக்க மாட்டேங்கறா."

"உங்களுக்குத் தெரியாது, சும்மா இருங்க" என்றார் அக்கா. பையைத் தூக்கிச் சூடு பார்த்துவிட்டு மறுபடி வைத்தார். அப்போது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆவியால் இருக்கலாம், நான் கேட்கவில்லை. பிறகு குரலைத் தணித்து, "அஞ்சு எட்டு இருந்துச்சு" என்றார். அண்ணன் அவர் தோளில் கையை வைத்துக்கொண்டார். நான் சந்தேஷ் பெட்டியைத் திறந்தேன்.

மறுவாரமே அணிக்கு இரண்டு ஜோடி என்று கூடுதல் பேடு வாங்க ஏற்பாடு செய்தேன். பூஜை விடுமுறை முடிந்ததும் கூட்டத்தைக் கூட்டினேன். முதல் விதியை நீக்கலாமா என்பது ஒன்றுதான் விஷயம். நீக்க ஐந்து ஓட்டு வேண்டும். எங்கள் அணிக் கேப்டன் பூரிக் கோயிலுக்குப் போயிருந்ததால் அவருக்குப் பதிலாக ஓட்டுப் போட அண்ணன் வந்திருந்தார். நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். போன தடவை அக்கா பக்கம் இருந்த அணிகள் மூன்று. இறுதி ஆட்டத்தன்று கெஞ்சிய அந்த இளம் கேப்டன் நான்கு. அண்ணன் ஐந்து. முடிந்தது.

அக்கா அன்று பேசியதைப் போல அதற்கு முன் பேசி நான் கேட்டதில்லை. குரலை உயர்த்தவே இல்லை. இறுதி ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது, கணவரைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. "இப்போ பேடு இருக்கு. அதனால நேரம் தானாக் குறையும். தானா நடக்கிறதுக்குத் தண்டனை எதுக்கு?" என்றார். ஓவருக்கு நடுவில் ஒரு நிமிஷம் என்ற இரண்டாவது விதியே போதும், மைதானத்தை அது காப்பாற்றிவிடும் என்று கால்பந்துப் பயிற்சியாளரையே கேட்டுவிட்டு வந்திருந்தார். இன்னொன்று, இன்னொன்று என்று நான்கைந்து வந்தன. கோஷ் பாபு, "திதி, இந்தத் தடவை நானும் உங்கள் பக்கம்" என்றார். அவருக்கு ஓட்டு இல்லாததால் யாரும் பொருட்படுத்தவில்லை.

நீக்க வேண்டும் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றேன். நான்கு கைகள். அண்ணன் கை மடியில் இருந்தது.

அவரையே பார்த்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே டிராம் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்பவர்கள் என்றேன். அண்ணன் கை தூக்கினார்.

"நாலுக்கு நாலு" என்றார் அக்கா. என்னை முந்திக்கொண்டு அவர்தான் சொன்னார். "அஞ்சு வரலை. ரூல் நிக்கிது. எழுதுங்க."

எல்லோரும் இறங்கிப் போன பிறகு அண்ணன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். நான் கூடவே இறங்கினேன்.

"என்னண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க? அக்கா சொன்னது தப்பா?"

"தப்பா? எல்லாம் சரி. ஒவ்வொண்ணும் சரி" என்றார். இரண்டு படி இறங்கினார். "ஆனா தம்பி, அஞ்சாவது கை என்னுதா இருந்தா என்ன பேசுவாங்க? புருஷன் அவுட்டானான், ரூலை மாத்திட்டாங்கன்னு பேசுவாங்க. அன்னிக்கு அவ விரலைத் தூக்கினாளே, அது வீணாப் போயிடும். இன்னொருத்தன் அஞ்சாவதா வரட்டும். அடுத்த வருஷம் வருவான்."

கீழே அக்கா ஸ்கூட்டரைக் கிளப்பி வைத்துக்கொண்டு காத்திருந்தார். அண்ணன் பின்னால் ஏறி, வலிக்கிற காலைக் கையால் தூக்கி வசதியாக வைத்துக்கொண்டார். நாங்கள் பேசியது அக்காவுக்குக் கேட்டதா, இல்லையா என்று முகத்திலிருந்து தெரியவில்லை. ஹெல்மெட்டை மாட்டினார், வாரை இறுக்கினார். பிறகு பாதி திரும்பி அண்ணனிடம் சொன்னார்:

"எதிர்த்துப் போடப்போறேன்னு முன்னாடியே சொல்லியிருந்தா, இன்னும் நல்லாப் பேசியிருப்பேன்ல?"